நான்கு கட்டங்களும் ஓர் எழுத்தும்: தமிழ்க் குறுக்கெழுத்தில் சொல்லைக் கண்டடைய ஒரு முழுமையான வழிகாட்டி

தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் வரை செல்லும் மின்சார ரயிலில், நாளிதழின் குறுக்கெழுத்துப் பக்கத்தை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பேனாவை உதட்டில் அழுத்தியபடி யோசிப்பவர்களை இன்றும் காணலாம். அவர்களில் பெரும்பாலோர் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்றுதான். குறிப்பின் பொருள் ஏறத்தாழ விளங்கிவிடுகிறது, கட்டங்கள் எத்தனை என்பதும் தெரிகிறது, குறுக்கே வரும் சொல்லிலிருந்து ஓரிரு எழுத்துகளும் கிடைத்துவிடுகின்றன. ஆனாலும் சொல் மட்டும் பிடிபடுவதில்லை. ஆங்கிலப் புதிர்களுக்கு, இத்தனை எழுத்துள்ள சொல்லில் இன்ன எழுத்து வர வேண்டும் என்று கேட்டால் பட்டியலே தரும் கருவிகள் ஏராளமாக இருக்கின்றன. தமிழில் அப்படிப்பட்ட கருவிகள் குறைவு. ஆனால் அவற்றைவிடக் கூர்மையான ஒன்றை நாம் ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிட்டோம். மொழிமுதல் எழுத்துகள், மொழியிறுதி எழுத்துகள், மெய்ம்மயக்கம் என்று இலக்கண நூல்கள் வகுத்துத் தந்த விதிகளே அவை. எந்த எழுத்து எந்த இடத்தில் வரும், எதற்குப் பின் எது வரும் என்பதைச் சொல்லும் அவ்விதிகளை வெற்றுக் கட்டங்களின்மேல் பொருத்திப் பார்ப்பதே இவ்வழிகாட்டியின் நோக்கம்.

கட்டங்களைச் சரியாக எண்ணுதல்

தமிழ் எழுத்துகள் 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. புதிரில் இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தைப் பெறும். புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. எனவே ‘அம்மா’ மூன்று கட்டம், ‘சென்னை’ மூன்று கட்டம், ‘புத்தகம்’ ஐந்து கட்டம். ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ ஆகியவை எழுத்தின் இருபுறமும் குறிகளைக் கொண்டிருந்தாலும் ஒரே எழுத்துகள்தாம் என்பதைக் குழந்தைகளோடு சேர்ந்து புதிர் போடுவோர் முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். வடமொழி எழுத்தான ‘க்ஷ’ ஒரு கட்டமா, இரண்டு கட்டமா என்பது புதிர் அமைப்பவரைப் பொறுத்தது.

ஆங்கிலப் புதிரில் ஒரு கட்டத்துக்கு 26 வாய்ப்புகளே இருக்க, தமிழில் 247 இருக்கின்றனவே என்று மலைக்கத் தேவையில்லை. இடத்தைப் பொறுத்து இந்த எண்ணிக்கை வெகுவாகச் சுருங்கிவிடும்.

முதல் கட்டமும் கடைசிக் கட்டமும்

பவணந்தி முனிவரின் நன்னூல், சொல்லின் முதலில் வரக்கூடிய எழுத்துகள் 103 என்று கணக்கிடுகிறது. பன்னிரண்டு உயிர்களும் முதலில் வரும். க, ச, த, ந, ப, ம ஆகிய ஆறு வரிசைகளும் முழுமையாக வரும். வகரத்தில் உ, ஊ, ஒ, ஓ நீங்கலாக எட்டும், யகரத்தில் அ, ஆ, உ, ஊ, ஓ, ஔ ஆகிய ஆறும், ஞகரத்தில் அ, ஆ, எ, ஒ ஆகிய நான்கும், ஙகரத்தில் ஒன்றும் வரும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு வரிசைகளும் தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. ரயில், லாபம், டமாரம் போன்றவை பிற மொழிகளிலிருந்து வந்தவை அல்லது ஒலிக்குறிப்பாக எழுந்தவை. இவற்றுள்ளும் ர, ல ஆகியவற்றை மரபறிந்த புதிராசிரியர்கள் ‘இராமன்’, ‘இலாபம்’, ‘உலோகம்’ என்று முன்னால் ஓர் உயிரைச் சேர்த்தே எழுதுவார்கள். அப்போது ஒரு கட்டம் கூடும். முதலெழுத்து ‘இ’ என்று கிடைத்து, சொல் ஒரு கட்டத்தால் இடிக்கும்போது இந்த வழக்கத்தை நினைத்துப் பார்ப்பது நல்லது.

இவ்விதியின் மறுபக்கம் இன்னும் பயனுடையது. உயிரெழுத்து தனித்து முதல் கட்டத்தில்தான் வரும். அளபெடையை விட்டால், சொல்லின் நடுவிலோ இறுதியிலோ வராது. புள்ளி எழுத்து முதல் கட்டத்தில் வரவே வராது. ஆகவே இடமிருந்து வலமாகச் செல்லும் சொல்லின் நடுக் கட்டம் ஒன்று, மேலிருந்து கீழாகச் செல்லும் இன்னொரு சொல்லுக்குத் தொடக்கமாக இருந்தால், அக்கட்டத்தில் உயிரும் இல்லை, புள்ளியும் இல்லை; உயிர்மெய் மட்டுமே நிற்கும். புதிரைத் தொடங்குமுன் இத்தகைய கட்டங்களில் மெல்லிய பென்சில் கோடு ஒன்றை இட்டுவைப்பது என் வழக்கம். ஐந்து நிமிடம் செலவாகும். பிறகு அரை மணி நேரம் மிச்சமாகும்.

கடைசிக் கட்டத்தில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது. புள்ளி எழுத்தில் முடியும் சொல் என்றால், நடைமுறையில் அது ண், ம், ன், ய், ர், ல், ழ், ள் என்ற எட்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஞ், ந், வ் ஆகியவற்றையும் இலக்கணம் ஏற்கிறது என்றாலும் அவை இன்றைய வழக்கில் அரிது. வல்லின மெய்கள் ஆறும் சொல்லிறுதியில் நிற்பதில்லை. உயிர்மெய்யில் முடியும் சொற்களில் கு, சு, டு, து, பு, று என்ற குற்றியலுகரமும், ‘மை’, ‘கை’ போன்ற ஐகார ஈறும், ‘சி’, ‘வி’, ‘தி’ போன்ற இகர ஈறும் மிகுதி. குறில் எகரமும் குறில் ஒகரமும் கடைசிக் கட்டத்தில் வரும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம்.

தமிழ்ப் புதிர்களில் வலமிருந்து இடமாகவும் கீழிருந்து மேலாகவும் விடை எழுத வேண்டிய குறிப்புகள் உண்டு என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். குறுக்குச் சொல்லின் தயவால் இடக்கோடிக் கட்டத்தில் ‘ம்’ வந்து விழுந்தால், அந்த விடை வலமிருந்து இடமாகச் செல்கிறது என்பது குறிப்பைப் படிக்குமுன்பே உறுதியாகிவிடும். அப்படி உறுதியாகாவிட்டால், குறுக்குச் சொல்தான் பிழை.

நடுவில் வரும் புள்ளி: உண்மையான திறவுகோல்

ஆங்கிலப் புதிரில் உயிரெழுத்துகளை முதலில் வேட்டையாடச் சொல்வார்கள். தமிழில் உயிர் உயிர்மெய்யின் உள்ளே கரைந்துவிடுவதால் அந்த உத்தி இங்கே எடுபடாது. தமிழில் நாம் தேட வேண்டியது புள்ளி எழுத்தை. ஏனெனில் ஒரு புள்ளி கிடைத்தால் அதற்கு அடுத்த கட்டமும் பாதி கிடைத்ததாகப் பொருள்.

க், ச், த், ப் ஆகிய நான்கும் தமக்குப் பின் தம் வரிசையைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. ‘க்’ இருந்தால் அடுத்த கட்டம் ககர வரிசையே. பக்தி, ஆத்மா, சப்தம் போன்ற வடசொற்கள் விலக்கு. மெல்லினத்தில் ‘ங்’ என்றால் அடுத்தது ககரம், ‘ஞ்’ என்றால் சகரம், ‘ந்’ என்றால் தகரம் என்று பெரும்பாலும் துணிந்து எழுதலாம்; அங்ஙனம், விஞ்ஞானம், செந்நெல் போல அதே எழுத்து இரட்டிப்பது சிறுபான்மை. ‘ண்’ டகரத்தையும் ணகரத்தையும், ‘ம்’ பகரத்தையும் மகரத்தையும், ‘ன்’ றகரத்தையும் னகரத்தையும் பெரிதும் நாடும். எனினும் நண்பன், உண்மை, அன்பு, நன்மை போன்ற சொற்களுக்கும் இடம் விட்டுவைக்க வேண்டும். ‘ட்’, ‘ற்’ இரண்டும் தம் வரிசையோடு க, ச, ப ஆகியவற்றையும் ஏற்கும்: வெட்கம், ஆட்சி, நுட்பம், கற்கண்டு, முயற்சி, சிற்பம்.

பின்னிருந்து முன்னோக்கிப் பார்த்தாலும் இதே தெளிவு கிடைக்கிறது. ஒரு கட்டத்தில் றகரம் தெரிந்து, அதற்கு முன் கட்டத்தில் புள்ளி எழுத்து இருக்குமானால், அது ‘ற்’ அல்லது ‘ன்’ மட்டுமே. டகரத்துக்கு முன் ‘ட்’ அல்லது ‘ண்’. லகரத்துக்கு முன் ‘ல்’, ளகரத்துக்கு முன் ‘ள்’. ரகரத்துக்கும் ழகரத்துக்கும் முன்னால், கூட்டுச்சொல் அல்லாத தமிழ்ச் சொல்லில், புள்ளி எழுத்தே வராது. இந்தக் கடைசி விதியைப் பலரும் பயன்படுத்துவதில்லை. எனக்கு அது எத்தனையோ முறை கைகொடுத்திருக்கிறது.

இனி, இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து வரும் இடம். இதை ஈரொற்று என்பார்கள். அவ்வாறு வருமானால் முதற்புள்ளி ய், ர், ழ் என்ற மூன்றில் ஒன்றாகவே இருக்கும்: வாய்ப்பு, வளர்ச்சி, வாழ்க்கை. இதனோடு நன்னூல் சேர்த்துச் சொல்லும் இன்னொரு நுட்பமும் உண்டு. ‘ர்’, ‘ழ்’ இரண்டும் தனிக்குறிலை அடுத்து வருவதில்லை. அதாவது இரண்டாம் கட்டத்தில் ‘ழ்’ இருந்தால் முதல் கட்டம் நெடிலாகத்தான் இருக்க வேண்டும்: ஆழ்வார், சூழ்ச்சி, வீழ்ச்சி, கேழ்வரகு, தாழ்ப்பாள். ‘ர்’ என்றாலும் கீர்த்தி, நேர்த்தி, மூர்த்தி, பூர்த்தி என்று நெடிலே முன் நிற்கும். தர்மம், கர்வம் போன்ற வடசொற்களில் குறில் வரும் என்பதால்தான் பழைய நூல்கள் அவற்றைத் தருமம், கருவம் என்று எழுதின. ழகரத்துக்கு அந்த விலக்கும் கிடையாது.

ஆய்தம் கிடைத்தவர் பாக்கியசாலி. அதற்கு முன் குறிலும் பின் வல்லின உயிர்மெய்யும் நிற்கும்: எஃகு, அஃது, பஃறுளி.

மூவகை னகரங்களில் எது என்று ஐயம் எழும்போதும் இடமே விடை சொல்லும். முதல் கட்டம் என்றால் ‘ந’; தகரத்துக்கு முன் புள்ளி என்றால் ‘ந்’; டகரத்துக்கு முன் ‘ண்’; றகரத்துக்கு முன் ‘ன்’. அநியாயம், மகாநதி போன்றவற்றில் நகரம் நடுவே வருவது முன்னொட்டாலும் சேர்க்கையாலும்தான்.

இரண்டு எடுத்துக்காட்டுகள்

நான்கு கட்டம்; இரண்டாவது ‘ங்’, நான்காவது ‘ம்’. மூன்றாம் கட்டம் ககர வரிசை என்பது உறுதி; அதிலும் ‘க’ என்றே முதலில் வைத்துப் பார்க்கலாம், ஏனெனில் அம் ஈற்றுப் பெயர்கள் தமிழில் அத்தனை மிகுதி. இப்போது முதல் கட்டத்தில் மொழிமுதல் எழுத்துகளை வரிசையாக ஓட்டினால் அங்கம், சங்கம், சிங்கம், சுங்கம், தங்கம், பங்கம், வங்கம் என்று சொற்கள் தாமே வந்து நிற்கின்றன. குறிப்பு ‘ராஜாஜி சாலையில் அலுவலகம் கொண்ட வரி’ என்றிருந்தால் விடை சுங்கம். குறிப்பைப் படித்துவிட்டுச் சொல்லைத் தேடுவதைவிட, சொற்களை அடுக்கிவிட்டுக் குறிப்பை அவற்றின்மேல் வைத்துப் பார்ப்பது விரைவானது என்பதை இந்த எளிய கட்டமே காட்டிவிடும்.

அடுத்து ஐந்து கட்டம். மூன்றாவது ‘ழ்’, ஐந்தாவது ‘சி’. சகரத்துக்கு முன் நிற்கும் நான்காம் கட்டத்தில் உயிர்மெய் வந்தால் பொருந்தும் சொல் எளிதில் அகப்படவில்லை. புள்ளி வந்தால், ழகர ஒற்றை அடுத்து வரும் ‘ச்’ என்பதே இயல்பு. ஆக, கையில் இருப்பது ‘ழ்ச்சி’ என்ற முடிவு. மகிழ்ச்சி, நெகிழ்ச்சி, நிகழ்ச்சி, புகழ்ச்சி, இகழ்ச்சி என்று ஐந்து சொற்கள் கிடைக்கின்றன. இவற்றைப் பிரிப்பது இரண்டாம் கட்டம். அங்கே ‘கி’ கிடைத்தால் முதலிரண்டில் ஒன்று. ‘க’ கிடைத்தால் மற்ற மூன்றில் ஒன்று. எனவே அடுத்து எந்தக் குறுக்குச் சொல்லை முயல்வது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது: இரண்டாம் கட்டத்தை வெட்டிச் செல்லும் சொல்லையே முதலில் முயல வேண்டும்.

சென்னை ஊர்ப்பெயர்களில் பயிற்சி

இவ்விதிகளைக் கைப்பழக்கமாக்க நம் ஊரின் நிலையப் பெயர்ப் பலகைகளைவிட நல்ல பாடநூல் இல்லை. நம் நகரப் பெயர்களின் இறுதிப் பகுதிகள் சிலவே: ஊர், பாக்கம், பேட்டை, புரம், சேரி. ஐந்து கட்டத்தில் கடைசி மூன்றும் ‘ம்பூர்’ என்று தெரிந்தால் எழும்பூரும் பெரம்பூரும் முன் வந்து நிற்கும். 1851-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் என்று குறிப்பு சொன்னால் முன்னது. 1955-இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை என்றால் பின்னது. ‘பாக்கம்’ என்ற நான்கு கட்டங்களுக்கு முன்னால் இரண்டு கட்டம் இருந்தால் சேப்பாக்கம். மூன்று கட்டம் இருந்தால் மீனம்பாக்கம், அரும்பாக்கம், கீழ்ப்பாக்கம். நான்கு கட்டம் இருந்தால் நுங்கம்பாக்கம். இவற்றுள் கீழ்ப்பாக்கத்தை மட்டும் நின்று கவனிக்க வேண்டும். ‘ழ்ப்’ என்ற ஈரொற்றும், அதற்கு முன் ‘கீ’ என்ற நெடிலும் சேர்ந்து, மேலே சொன்ன இரு விதிகளையும் ஒரே பெயரில் காட்டுகின்றன. பேருந்தில் போகும்போது மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

எழுத்துகள் கலைந்து கிடந்தால்

‘கலைந்துள்ளது’, ‘குழம்பியுள்ளது’ என்ற குறிப்போடு எழுத்துகளை மாற்றி அடுக்கித் தரும் வகையில், பலரும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வோர் அடுக்காக முயன்று களைத்துப்போகிறார்கள். ம், த, பு, க, த் என்ற ஐந்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து வெவ்வேறு எழுத்துகளை 120 விதமாக அடுக்கலாம். ஆனால் ‘த்’ தனக்குப் பின் ‘த’வைத்தான் ஏற்கும், எனவே ‘த்த’ பிரியாத ஒரே துண்டு. அத்துண்டு புள்ளியில் தொடங்குவதால் முதலில் வராது. ‘ம்’ முதலில் வராது, அதற்குப் பின் ககரமோ ‘த்’தோ வருவதும் இயல்பில்லை, ஆகவே அது இறுதியில் நிற்க வேண்டும், அல்லது ‘பு’வுக்கு முன் நிற்க வேண்டும். முதல் எழுத்தாக எஞ்சுவன ‘பு’, ‘க’ இரண்டே. இத்தனையையும் பொருத்தினால் எஞ்சும் அடுக்குகள் ஆறுதான்: புத்தகம், புகத்தம், கத்தபும், கபுத்தம், கத்தம்பு, கம்புத்த. இவற்றுள் எது சொல் என்பதை எந்த அகராதியும் இல்லாமலே கண் சொல்லிவிடும். முதலில் புள்ளி எழுத்துகளுக்கு இணை சேர்த்துவிட்டுப் பிறகு மற்றவற்றைத் தொட வேண்டும் என்பதே இதில் பின்பற்ற வேண்டிய வரிசை.

எதுகையும் அகராதியும்

இரண்டாம் எழுத்து தெரிந்து முதலெழுத்து தெரியாத நிலை அடிக்கடி வரும். இன்றைய அகராதிகள் முதலெழுத்து வரிசையில் இருப்பதால் அப்போது உதவுவதில்லை. ஆனால் நம் முன்னோர் இரண்டாம் எழுத்தைக் கொண்டே சொற்களை அடுக்கி வைத்தார்கள். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு, பல பொருள் தரும் சொற்களை எதுகை வரிசையில் தருகிறது. வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதியின் நான்கு பகுதிகளில் ஒன்றான தொடையகராதியும் எதுகை பற்றியதே. செய்யுள் இயற்றுவோருக்காக அமைந்த அந்த ஏற்பாடு, கட்டம் நிரப்புவோருக்கும் அப்படியே பொருந்துகிறது. நூல் கையில் இல்லாவிட்டாலும், இரண்டாம் எழுத்தை நிறுத்திக்கொண்டு முதலெழுத்தை மட்டும் மாற்றி வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது பெரும் பலன் தரும். தங்கம், சிங்கம், சங்கம் என்று ஓசை தானே இழுத்துச் செல்லும். மௌனமாக யோசிப்பதைவிட மெல்ல முணுமுணுப்பது மேல்.

முதலெழுத்து தெரிந்தவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதி இருக்கிறது. இலக்கியச் சொற்களுக்கு அதுவே துணை. இன்றைய வழக்குச் சொற்களுக்கு 1992-இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பொருத்தமானது. வெறும் கட்டத்தோடு பேரகராதியைப் புரட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வழக்கொழிந்த சொற்களில் மூழ்கி நேரம் போய்விடும்.

எல்லாம் பொருந்தியும் ஒரு கட்டம் இடித்தால் எழுத்து வேறுபாடுகளைச் சோதிக்க வேண்டும். பவளம், பவழம், கருப்பு, கறுப்பு, எழுத்துகள், எழுத்துக்கள் என இருவிதமாகவும் எழுதப்படும் சொற்கள் பல. கூட்டுச்சொற்களில் மிகும் ஒற்றைப் புதிராசிரியர் சேர்த்திருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும்: மரக்கிளைக்கு ஐந்து கட்டம்.

கணினியில் தேடுவோருக்கு

சொற்பட்டியல் ஒன்றைக் கணினியில் வைத்துக்கொண்டு தேட விரும்புவோர் முதலில் சறுக்கும் இடம் நீளம். ஒருங்குறியில் புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியே பதிவாவதால், ‘புத்தகம்’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லை விரிதாளின் நீளம் காணும் சூத்திரம் எட்டு என்றே காட்டும். மொத்த எண்ணிக்கையிலிருந்து, பதினோரு உயிர்க்குறிகளும் புள்ளியும் அச்சொல்லில் எத்தனை முறை வந்துள்ளன என்பதைக் கழித்தால் உண்மையான எழுத்தெண்ணிக்கை கிடைக்கும். ஒகர, ஓகாரக் குறிகள் சில கோப்புகளில் இரண்டு துண்டுகளாகப் பதிவாகியிருக்கும். இரண்டுமே கழிபடுவதால் கணக்கு மாறாது. ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஆகியவை மட்டும் இம்முறையில் இரண்டாக எண்ணப்படும். அவற்றைத் தனியே திருத்திக்கொள்ள வேண்டும். ‘ஔ’ என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்த பட்டியல்களில் ஔவையார் நான்குக்குப் பதில் ஐந்தெழுத்தாகிவிடுவார். நிரல் எழுதத் தெரிந்தவர்கள், ஓர் அடிப்படை எழுத்தும் அதன் பின் இருக்கக்கூடிய குறியும் சேர்ந்தது ஒரு கட்டம் என்று வரையறுத்துக்கொண்டு சொல்லை முதலில் எழுத்துகளாகப் பிரித்துவிட வேண்டும். ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரல்தொகுப்பு இவ்வேலையைச் செய்து தருகிறது. பிரித்த பின், மூன்றாம் எழுத்து ‘ழ்’, ஐந்தாம் எழுத்து ‘சி’ என்று கேட்பது ஒரு வரி வேலை.

கணினி இல்லாதவர்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ‘ங்கம்’, ‘ழ்ச்சி’, ‘ர்த்தி’, ‘ட்பம்’ என்று ஒரு முடிவை எழுதி, புதிரில் சந்திக்கும் சொற்களை அதனதன் கீழே கட்டங்களின் எண்ணிக்கையோடு குறித்துவர வேண்டும். மறுநாள் வெளியாகும் விடையைப் பார்க்கும்போது, தவறவிட்ட சொற்களை மட்டும் சிவப்பு மையில் எழுதினால், நாம் எந்த முடிவுகளில் அடிக்கடி தடுமாறுகிறோம் என்பது இரண்டு மாதத்தில் அந்த நோட்டிலேயே தெரியவரும்.